விழுந்த பக்கம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். பெரிய டாக்டரில் தொடங்கி தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்தது என்னவோ ஒரே ஒரு தங்கை. அந்த ஒருத்தியை உருட்டி மிரட்டி வளர்த்த பழக்கத்தை ஆஸ்பத்திரி முழுக்க நீட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

யார் சொன்னாலும் நம்பமாட்டாள். அது வேலையோடு வந்து ஒட்டிக்கொண்ட குணம். மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று வருகிறவன் கோபத்தில் சுவரைக் குத்தியிருப்பான். கதவில் விரல் நசுங்கியது என்பவளின் விரலைக் கதவு தொட்டே இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, வாய் என்ன வேண்டுமானாலும் பேசும், எலும்பு பேச்சை மாற்றாது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். முடிவு நல்ல முடிவுதான். எலும்பைப் படம் பிடிப்பதும் ஒரு மனுஷிதான் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்கு வெளியே மணல்மேடுகளில் நாலு சக்கர பைக்கை வாடகைக்கு விட ஆரம்பித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் அவளுக்குப் பாழாய்ப் போயின. பலூன் மாதிரி உப்பிய டயர்களோடு பார்க்கப் பொம்மை போல இருக்கும். எடை முந்நூறு கிலோ. மேட்டில் ஏறும்போது லேசாகச் சாயும், அப்புறம் நிற்காது. காரை எலும்பு உடைந்தவர்கள், கணுக்கால் திரும்பிப்போனவர்கள், வண்டிக்கு அடியில் மாட்டி விலா நொறுங்கியவர்கள் என்று வரிசையாக வருவார்கள். வண்டியை வாடகைக்கு விடுகிறவன் அவர்கள் புறப்படும்போது, பிடியை விடாதீங்க, கையை ஊனாதீங்க என்று தொண்டை வறளச் சொல்லித்தான் அனுப்புகிறான். சாய்கிற நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்? வண்டி வலதுபக்கம் சாய்ந்தால் வலது கையை ஊன்றுவார்கள், இடதுபக்கம் சாய்ந்தால் இடது கையை. நூறு பேருக்கு எடுத்துப் பார்த்துவிட்டாள், ஒருவருக்கும் இது மாறியதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கர நாற்காலியில் தலைமுடி எல்லாம் மணலாக அவள் தங்கையே வந்து இறங்கினாள். தள்ளிக்கொண்டு வந்தது தங்கை புருஷன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சிரித்த முகம். கல்யாணமாகி ஆறு வருஷமாக அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. சும்மா சும்மா ஒருத்தன் ஏன் சிரிக்க வேண்டும் என்று அப்போதே கேட்டாள். வேறு குற்றம் எதுவும் கண்டுபிடிக்க முடியாததால் அந்த ஒன்றையே பத்திரமாக வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"மணல்மேட்டுக்குப் போனோங்க்கா. அவளும் ஒரு வண்டி எடுத்தா. மேட்டுல ஏறும்போது வலதுபக்கம் சாஞ்சிருச்சு. நான் பின்னாடி வந்துட்டு இருந்தேன். வலதுபக்கமாத்தான் விழுந்தா. ரெண்டு மூணு உருளு உருண்டா."

தங்கைக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தலையில் அடி. ஹெல்மெட் மாட்டியது வரைக்கும் தெரிகிறது, அடுத்தது ஆம்புலன்ஸின் கூரை. நடுவில் இருந்ததை யாரோ கத்தரித்து எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். தங்கை தையற்காரி, அவளுக்கு எல்லாமே கத்தரிக்கோல் கணக்குதான். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன.

உதவியாளனை வெளியே அனுப்பிவிட்டு அக்காவே படம் எடுத்தாள். தலை தப்பித்தது. இடது என்று அடையாளம் வைத்த படத்தில், கட்டைவிரலுக்கு அடியில் முந்திரிப்பருப்பு அளவில் இருக்கும் ஒரு சின்ன எலும்பில் மயிரிழை போல விரிசல். வலது என்று இருந்த படத்தில் ஒன்றுமில்லை.

எமர்ஜென்சியில் அன்று ஒரே டாக்டர், வாசல் வரை கூட்டம். படத்தைப் பார்த்தார், இடது கைக்கு மாவுக்கட்டுப் போடச் சொன்னார். கட்டுப் போடுபவர் முதலில் தங்கையின் இடது மோதிரவிரலில் இருந்த கல்யாண மோதிரத்தைக் குறட்டால் வெட்டி எடுத்தார். எக்ஸ்ரே அறையில் சோப்புப் போட்டு இழுத்தும் கழலாத மோதிரம் அது. வலது கைக்குச் சுளுக்கு என்று துணிப்பட்டை சுற்றிவிட்டார்கள்.

"இந்தக் கைதான் ரொம்ப வலிக்குது டாக்டர்," என்று தங்கை வலது கையைக் காட்டினாள்.

"சுளுக்குதாம்மா சில நேரம் உடைஞ்சதை விட ஜாஸ்தி வலிக்கும்," என்றார் அவர். அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

தலையாட்டியபடியே அவளுக்கு மூக்கு வேர்த்தது. விழுந்தது வலதுபக்கம். உடைந்தது இடது கை. எப்படி?

மறுநாள் தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கையோடு கஷ்டப்படுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று அன்று பூராவும் யோசித்தாள். மறுத்திருந்தால் ஏன் மறுத்தான் என்று யோசித்திருப்பாள்.

தினமும் வேலை முடிந்ததும் வந்தான். துவைத்து மடித்த துணிகள் கொண்டுவந்தான். ஒரு கையால் மாட்டக்கூடிய முடிக்கிளிப் ஒன்றை எங்கேயோ தேடிப்பிடித்து வாங்கிவந்தான். தங்கைக்குத் தலை வாரிவிட்டான். அக்கா சமையலறை வாசலில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு பாசம் திடீரென்று எங்கிருந்து வந்தது? ஆறு வருஷமாக அவன் தலை வாரிவிடுவது உண்டா இல்லையா என்று தங்கையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு திருப்பிச் சொல்லுங்க," என்றாள் மூன்றாம் நாள்.

சொன்னான். முதல் நாள் சொன்ன அதே வார்த்தைகள். வலதுபக்கமாத்தான் விழுந்தா, ரெண்டு மூணு உருளு. மனப்பாடம் பண்ணியிருக்கிறான் என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் கேட்டபோது, உருண்டது ரெண்டு தடவைதான் இருக்கும் என்றான். பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்தாள். அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.

போன மாசம் தங்கை போனில் சொன்னது வேறு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவனுக்கு வேறு ஊரில் நல்ல வேலை வருகிறதாம், போகலாம் என்கிறானாம். தன் தையற்கடையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் சொன்னாளாம். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம். அன்று, புருஷன் பெண்டாட்டி என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று அக்காவே சொல்லி முடித்த விஷயம். இப்போது அதை மறுபடி எடுத்துப் பிரித்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவன் அவளைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். இடதுபக்கமாக விழுந்திருக்கிறாள். மணல்மேட்டுக்குக் கொண்டுபோனது அதை மூடி மறைக்கத்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் அது வரவில்லை.

ஏழாம் நாள் லீவு போட்டுவிட்டு மணல்மேட்டுக்கே போனாள். தகரக் கொட்டகை, வரிசையாக ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டுகள், பெட்ரோல் வாசனை. வண்டியை வாடகைக்கு விடுகிறவன் முதலில் எனக்கு எதுவும் தெரியாது என்றான். ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டியதும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். அந்த வண்டி ஒதுக்குப்புறமாக நின்றது. வலதுபக்கக் கைப்பிடி வளைந்திருந்தது. வலதுபக்க மட்கார்டு கீறிக் கிழிந்திருந்தது. இடதுபக்கம் புத்தம்புதுசு.

"இது அன்னிக்கு விழுந்ததுதான்னு எப்படி நம்புறது?"

"நம்பாட்டி போங்க. அதுக்கப்புறம் இதை நான் வாடகைக்கே விடல."

"அந்த ஆள் உங்ககிட்ட ஏதாவது சொல்லி வெச்சாரா?"

"சொன்னாரு. அந்த ஏத்தத்துல இனிமே யாரையும் விடாதீங்கன்னு சண்டை போட்டாரு. அவங்களைத் தூக்கிட்டுப் போகும்போது அழுதுட்டே போனாரும்மா." அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க போலீஸா?"

"எக்ஸ்ரே."

"அப்போ வண்டிக்கும் ஒண்ணு எடுத்துப் பாருங்க," என்றான்.

கொழுப்பு. இவனும் அவனும் கூட்டு. அழுதானாம், யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் உடம்பெல்லாம் எரிந்தது. பார்த்தது, கேட்டது எல்லாமே அவன் சொன்னதோடு ஒத்துப்போகிறது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முன்கூட்டியே எல்லாரையும் தயார் பண்ணி வைத்திருக்கிறான்.

வீட்டில் தங்கை சும்மா இருக்கவில்லை. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று ஏழெட்டுத் துணிகளை வரவழைத்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட இடது கையைத் துணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் பெரிய கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டினாள். தைப்பதற்குத்தான் முடியாது, வெட்டி வைத்தால் கடைப்பெண் தைத்துவிடுவாள்.

"பாருக்கா, கட்டு நல்லா கனமா உக்காந்துக்குது. துணி நகரவே மாட்டேங்குது. முன்னாடியே ஒரு கையை உடைச்சிருக்கணும்," என்று சிரித்தாள். ஒவ்வொரு துணிக்கும் நடுவில் வலது கையைத் தொடைகளுக்கு இடையில் வைத்து இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"என்னடி பண்ணுது?"

"சுளுக்குதான். போகல இன்னும்."

"போகும் போகும்," என்றாள் அக்கா. அவள் மனசு பூராவும் இடது கையில் இருந்தது.

அன்றைக்கே பேச்சை ஆரம்பித்தாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் அவள்.

"அவன் உன்னைத் தள்ளியிருக்கான்."

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "யாரு? இவரா? என்னக்கா பேசுற?"

"விழுந்தது வலதுபக்கம்னு அவன் சொல்றான். உடைஞ்சது இடது கை. இது நடக்காதுடி. நான் எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன்."

"உருண்டேன்னு சொன்னாரே."

"உருள்றதுக்கு முன்னாடியே கை ஊனியாச்சு. முதல்ல ஊனுற கைதான் உடையும். சரி, நீ சொல்லு. நீ எந்தப் பக்கம் விழுந்த?"

"எனக்கு ஞாபகம் இல்லையேக்கா."

"உனக்கு ஞாபகம் இல்ல. எலும்புக்கு இருக்கு."

ஞாபகம் இல்லாதவளிடம் வாதாடி ஜெயிப்பது பெரிய காரியமில்லை. ஒரு நாள் அழுதாள். ஒரு நாள் அக்காவோடு பேசாமல் இருந்தாள். அதற்கடுத்த நாள், அவன் தலை வாரிவிட வந்தபோது தன்னையறியாமல் கழுத்தை இழுத்துக்கொண்டாள். அவன் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் போட்டான். அப்புறம் சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினான். அன்று அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இப்போதுதான் சாயம் வெளுக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

பதினோராம் நாள் தங்கை போலீசுக்குப் புகார் எழுதினாள். உன் கையெழுத்திலேயே இருந்தால்தான் மதிப்பு என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல, இரண்டரைப் பக்கம். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. நாலு வரிக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினாள், முகம் வெளுத்தது. மனசு கேட்காமல் தவிக்கிறாள் என்று அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பாவி, அவன் மேல் இன்னும் இவ்வளவு ஆசையா என்று நினைத்தாள். தங்கையின் மேல் அவளுக்கு இருந்த அன்பில் ஒரு குண்டுமணி பொய் கிடையாது. அதுவும் சொல்லத்தான் வேண்டும்.

"கையெழுத்து நாளைக்குப் போடுறேன்க்கா. இன்னிக்கு முடியல," என்றாள் தங்கை.

மறுநாள் காலையில், புகாரோடு வைப்பதற்காக எக்ஸ்ரே கவரை எடுத்தாள் அக்கா. இந்தப் பன்னிரண்டு நாளில் இடது கைப் படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அந்த விரிசல் அவளுக்கு மனப்பாடம். வலது கைப் படத்தைக் கவரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. ஒன்றுமில்லாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? இப்போது இரண்டும் சேர்ந்து வந்தன. கிழிந்திருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று சமையலறை ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

வலது என்று அடையாளம் வைத்த படத்தின் மேல் ஓரத்தில், மோதிரவிரல் ஆரம்பிக்கும் இடத்தில், பளிச்சென்று வெள்ளையாக ஒரு பாதி வட்டம்.

மோதிரம்.

தங்கை வலது கையில் மோதிரம் போட்டதே இல்லை. கத்தரிக்கோல் வளையத்தில் இடிக்கும்.

இடது என்று இருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்தாள். அதில் மோதிரம் இல்லை. எல்லா விரலும் வெறும் விரல்.

நோயாளியை உட்காரவைப்பதற்கு முன்பே பலகையில் இடது வலது அடையாளத்தை ஒட்டிவிட வேண்டும், நோயாளிக்குப் பக்கவாட்டில் நின்றுதான் கையை வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்திருந்த முறை. புதிதாக வந்தவர்களைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த முறை. அன்று வந்தது தங்கை. அழுதுகொண்டிருந்தாள். அதனால் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லைடி ஒன்றுமில்லைடி என்றாள். அப்புறம் எதிரில் இருந்தபடியே அடையாளத்தை வைத்தாள். தன் வலது கைக்கு நேராக இருந்ததை வலது என்று. அது தங்கையின் இடது. வைக்கும்போது பார்வைகூடப் பலகையில் இல்லை. கதவுக் கண்ணாடி வழியாக, வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி இந்த நிலைமையில் இருக்கும்போது யாரோடு பேச்சு என்று.

தங்கை உள்ளேயிருந்து கேட்டாள். "அக்கா, அந்தப் பச்சைத் துணியை எடுத்துக் குடேன், வெட்டிடுறேன்."

"எதையும் தொடாத," என்றாள் அக்கா. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பன்னிரண்டு நாள். நல்ல கை மாவுக்கட்டுக்குள் ஹாயாகப் படுத்திருந்தது. உடைந்த கை துணி வெட்டியது, பல் தேய்த்தது, இரண்டரைப் பக்கம் எழுதியது. அந்தச் சின்ன எலும்புக்கு ரத்தம் போவதே கொஞ்சம். அசையாமல் வைத்தால் சேரும். அசைத்துக்கொண்டே இருந்தால் பாதி செத்துப்போகும், பிறகு மணிக்கட்டு மடங்காது. இதை எத்தனை பேரிடம் அவளே பயமுறுத்திச் சொல்லியிருக்கிறாள்.

எலும்பு டாக்டருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னாள். உடனே கூட்டிவா என்றார். அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். ஏன் எதற்கு என்று கேட்காமல் பத்து நிமிஷத்தில் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு வந்து நின்றான்.

இரண்டு பேரையும் மேஜையில் உட்காரவைத்து, நின்றுகொண்டே சொன்னாள். படத்தைக் காட்டினாள், மோதிரத்தைக் காட்டினாள். உங்களைத்தான் நான் சந்தேகப்பட்டேன் என்றாள். புகார்க் காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். மறைக்கவில்லை. அவன் திட்டுவான், திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் முதல் பக்கத்தைப் படித்தான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. பெண்டாட்டியின் வலது கையை எடுத்து, கண்ணாடிச் சாமானைப் பிடிப்பது போல மேஜையின் மேல் வைத்தான்.

"இதை ஆட்டாம வெச்சுக்கோ. நான் வண்டியைத் திருப்பி நிறுத்துறேன்," என்று எழுந்தான். வாசலில் நின்று, "டாக்டர் இருப்பாரில்லக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்காரு. சொல்லிட்டேன்."

அவன் போய்விட்டான். தங்கை மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெட்டிய துணிகள் அடுக்காகக் கிடந்தன.

"கை சரியாயிடுமாக்கா?"

"சரியாகணும். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கலாம். பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

தங்கை தலையாட்டினாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"உனக்கு அவரை எப்பவுமே பிடிக்காதில்ல."

"அப்படியெல்லாம் இல்லடி."

"அக்கா." தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் பேச்சை வேதவாக்காகக் கேட்டு வளர்ந்தவள், அந்த மாதிரி ஒரு பார்வை அவள் பார்த்ததே கிடையாது. "அந்த அடையாளத்தை நீ தெரியாமத்தான் மாத்தி வெச்சியா?"

எக்ஸ்ரே அக்கா வாயைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்ததைச் சொல்லலாம், அழுகையைச் சொல்லலாம், கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லலாம். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றுக்கும் சாட்சி கிடையாது. எக்ஸ்ரே அறையில் அன்று அவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், அடையாளத்தைக் கவனிக்கவில்லை.

"தெரியாமத்தான் வெச்சேன்," என்றாள்.

தங்கை கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.